சால்வேஜ் சிகிச்சைக்குத் தமிழ்ச்சொல்: 'மறுவொடுக்கச் சிகிச்சை' எனலாமா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாட்ஜ்கின் லிம்போமா எனும் நிணநீர் மண்டலப் புற்றுநோய்க்கான நம் சொற்பட்டியலில், முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பினாலோ பணியாவிட்டாலோ அளிக்கும் சால்வேஜ் கீமோதெரபி என்பதற்கு 'மீட்பு வேதிச்சிகிச்சை' என முன்மொழிந்திருப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். எளிய சொல்தான், ஆனால் இந்நோயின் சிகிச்சையில் அச்சொல் வேறோர் இடத்துக்கு உரியது.

முதற்கட்டச் சிகிச்சையைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. டாக்சோரூபிசின், பிளியோமைசின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின், டகார்பசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஏபிவிடி முறையோ அதன் வழிவந்த முறைகளோ, தேவையானவர்களுக்குக் கதிர்வீச்சுடன் சேர்ந்து, பெரும்பாலானோரைக் குணப்படுத்திவிடுகின்றன. சொற்சிக்கல் எழுவது, நோய் திரும்பியவர்களுக்கும் முதல் மருந்துகளுக்கு நோய் பணியாதவர்களுக்கும் அளிக்கும் சிகிச்சையில்தான். அவர்களுக்கு ஐஃபாஸ்ஃபமைடு, கார்போபிளாட்டின், எட்டோபோசைடு அடங்கிய ஐசிஇ போன்ற மருந்துக்கூட்டு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் தரப்படுகிறது. நோயை மீண்டும் ஒடுக்குவதே அதன் வேலை. ஒடுங்கியதைப் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தறிந்த பின், தகுதியுடையோருக்கு உயர் அளவு வேதிச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. அது எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடும் என்பதால், நோயாளியிடமிருந்தே முன்கூட்டிச் சேகரித்து உறையவைத்த, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) சிரை வழியே திரும்பச் செலுத்துகிறார்கள். இதை மருத்துவர்கள் ஸ்டெம் செல் ரெஸ்க்யூ என்பார்கள். மீட்கப்படுவது மஜ்ஜை, ஆகவே 'குருத்தணு மீட்பு' இங்கே அப்படியே பொருந்துகிறது. அடுத்தடுத்து வரும் இரு கட்டங்களுக்கும் மீட்பு என்றே பெயரிட்டால், ஒப்புதல் படிவத்தைப் படிக்கும் குடும்பத்தார் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று எப்படிப் பிரித்தறிவார்கள்?

'மறுதணிப்பு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் குணமாக்க இயலாத நிலையில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்புக்குத் தணிப்பு என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. திரும்பிய ஹாட்ஜ்கின் லிம்போமாவிலோ குணமாக்கும் நோக்கம் கைவிடப்படுவதில்லை. இந்த வழியில் சென்று நீண்டகாலம் நோயின்றி வாழ்வோர் கணிசமாக உள்ளனர். அவர்களிடம் தவறான சொல்லால் நம்பிக்கையைப் பறித்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 'கடைநிலைச் சிகிச்சை' என்ற பரிந்துரையையும் இதே காரணத்தால் ஏற்க இயலவில்லை.

எனவே நோய் அடங்கியிருக்கும் நிலையான ரெமிஷன் என்பதற்கு 'நோயொடுக்கம்' என்றும், சால்வேஜ் என்பதற்கு அதனடியாக 'மறுவொடுக்கச் சிகிச்சை' என்றும் கொள்ளலாம். 'மீள்' என்ற முன்னொட்டைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: நோயாளி மீள்வதா, நோய் மீள்வதா என்ற மயக்கத்துக்கு அது இடம் தரும்.

வேதி என்ற அடையையும் விட்டுவிடுவது நல்லது. சிடி30 புரதத்தைத் தாங்கிய புற்றணுக்களைத் தேடிச் சென்று நஞ்சைச் சேர்க்கும் பிரென்டுக்சிமாப் வெடோட்டின், உடலின் எதிர்ப்பணுக்களுக்கு இடப்பட்ட தடையை நீக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவையும் இப்போது இதே கட்டத்தில் பயன்படுகின்றன. இவற்றுள் பின்னவை இரண்டும் வேதிச்சிகிச்சையே அல்ல.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தால் இப்படி அமையும்: 'மறுவொடுக்கச் சிகிச்சைக்கு நோய் பணிந்தால், உயர் அளவு வேதிச்சிகிச்சையும் குருத்தணு மீட்பும் தொடரும்.' மருந்துக்கு நோய் பணியாததைச் சுட்டும் ரிஃப்ராக்டரி என்பதற்குப் 'பணியா நோய்' போதுமா என்பதையும் மருத்துவத் துறை நண்பர்கள் தெரிவிக்க வேண்டும். அதை முடிவு செய்தால்தான் பட்டியலின் இப்பகுதி நிறைவுறும்.