பரிசோதனை முடிவு கருதுகோளுக்கு மாறாக வந்தால் மாணவர் என்ன எழுத வேண்டும்?

கேள்வி (கொக்குவில் அம்மா)

வணக்கம். தரம் 9 இல் படிக்கும் என் மகள், பூவரசங் குழை கலந்த செம்மண்ணில் பயறு கூடுதலாக முளைக்கும் என்று கருதுகோள் எழுதிவிட்டு, இருபது யோகட் கோப்பைகளில் கோப்பைக்கு ஒரு விதையாக ஊன்றினாள். பத்துக் கோப்பைகளில் வெறும் செம்மண், மற்றப் பத்தில் நறுக்கிய பச்சைக் குழை கலந்த செம்மண். ஐந்தாம் நாள் வெறும் மண்ணில் 9 விதைகள் முளைத்திருக்க, குழை கலந்த மண்ணில் 5 மட்டுமே தலைகாட்டின. ரியூசனில் காட்டியபோது, எண்களை இடம் மாற்றி எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அப்படி எழுத மனமில்லை. பரம்பரையாகக் குழையைப் பசளையாக மண்ணில் தாழ்த்துத் தோட்டம் செய்த குடும்பம் என்பதால் எனக்கும் குழப்பமாகவே இருக்கிறது. அவள் எங்கே பிழை விட்டாள்?

பதில் 1 (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நல்லூர்)

சகோதரி, எண்களைத் தயவுசெய்து மாற்ற வேண்டாம். கருதுகோள் என்பது பிழையென்று காட்டப்படக்கூடிய விதத்தில் சொல்லப்படும் தற்காலிக விளக்கம். பிழையென்று காட்ட வழியே இல்லாத கூற்றைப் பரிசோதிக்கவும் முடியாது. ஆகவே 9 உம் 5 உம் அப்படியே கொப்பியில் இருக்கட்டும்.

உண்மையில் மகளின் கருதுகோளிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. பயறு முளைப்பதற்கு நீர், ஒட்சிசன், பொருத்தமான வெப்பநிலை ஆகியவை வேண்டும். உணவை அது தன் வித்திலைகளில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறது. மண்ணின் பசளை நாற்று வளர்வதற்கு உதவுமே தவிர, முளைத்தலுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. பச்சைக் குழை அழுகும்போது நுண்ணங்கிகள் ஒட்சிசனைப் பயன்படுத்துவதால் விதைக்குக் கிடைப்பது குறைந்திருக்கலாம். இதுவும் ஒரு கருதுகோள்தான். இதையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். குழையைத் தவிர மற்ற எல்லாம் இரு பக்கமும் ஒரேமாதிரி இருந்தனவா? கடற்படை மருத்துவரான ஜேம்ஸ் லிண்ட், 1747 இல் ஸ்கேவி என்ற விற்றமின் C குறைபாட்டு நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்து, எல்லோரையும் ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே அடிப்படை உணவைக் கொடுத்து, மருந்தை மட்டும் மாற்றினார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவருமே விரைவில் தேறினார்கள். மற்றவை ஒன்றாக இருந்தபடியால்தான் பழத்தைக் காரணமாகச் சொல்ல முடிந்தது. (அப்படியிருந்தும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை 1795 இல்தான் பொதுவாக வழங்கத் தொடங்கியது என்பது வேறு கதை.)

பதில் 2 (தோட்டக்காரன், சுன்னாகம்)

தோட்டத்தில் நாங்கள் குழையைத் தாழ்த்து, மண் மூடி, நன்றாக உக்கவிட்ட பின்னரே நடுவோம். பச்சையாக நறுக்கிப் போட்ட அன்றே விதை ஊன்றும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே பிள்ளையின் முடிவு எங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. அவள் சோதித்தது வேறொரு விடயம்.

பதில் 3 (கொக்குவில் அம்மா)

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தோம். குழைக் கோப்பைகள் குசினி யன்னலில், நேர் வெயிலில் இருந்திருக்கின்றன. மற்றவை கிணற்றடி வாழை நிழலில். தண்ணீரும் கை அளவுதான், அளந்து ஊற்றவில்லை.

பதில் 4 (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நல்லூர்)

அப்படியானால் வித்தியாசத்துக்குக் குழை காரணமா வெயில் காரணமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அத்துடன் பத்துப் பத்து விதைகள் மிகக் குறைவு. இரண்டு மூன்று சொத்தை விதைகள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாலே முடிவு சாய்ந்துவிடும்.

மறுமுறை வெறும் மண், பச்சைக் குழை மண், உக்கிய குழை மண் என மூன்று வகை வைத்து, வகைக்கு இருபது விதைகளாவது ஊன்றட்டும். எல்லாக் கோப்பைகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எந்தக் கோப்பை எந்த வரிசையில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது நல்லது, ஏனெனில் நாமாக அடுக்கினால் நமக்குப் பிடித்த வகை நல்ல மூலைக்குப் போய்விடும். தண்ணீரைத் தேக்கரண்டியால் அளக்கட்டும். முளை மண்ணுக்கு மேலே தெரிந்தால்தான் 'முளைத்தது' என்று கணக்கிடுவோம் என்பதையும் ஊன்றுவதற்கு முன்னரே எழுதிவைக்கட்டும்.

முடிவுரையில் 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல் வேண்டாம். 'கருதுகோளை ஆதரிக்கிறது' அல்லது 'ஆதரிக்கவில்லை' போதும். முதற் பரிசோதனைப் பக்கத்தைக் கிழிக்காமல், அதன் கீழே வெயில், நிழல் விபரத்தை எழுதிவிடச் சொல்லுங்கள்.

பதில் 5 (கொக்குவில் அம்மா)

எழுதிவிட்டாள், ஐயா. உக்கிய குழைக்குச் சித்தப்பாவின் தோட்டத்தில் சொல்லியிருக்கிறோம். வந்ததும் அறுபது கோப்பைகளையும் கிணற்றடியிலேயே வைக்கப் போகிறாள். சீட்டுக் குலுக்குவதற்குத் தம்பியை ஒழுங்கு செய்திருக்கிறாள்.