43 இன்ச் டிவி: 60 ஹெர்ட்ஸ் போதுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு கிரிக்கெட், எனக்குப் படம். கேம் ஆடுறதில்ல. கடைக்காரர் 120 ஹெர்ட்ஸ்தான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். தேவையா?

பழைய மெக்கானிக்:
தம்பி, ஹெர்ட்ஸ்னா திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்குதுங்கற கணக்கு. நம்ம ஊர் ஒளிபரப்பே 50 ஹெர்ட்ஸ்தான். சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். 120ல ஒவ்வொரு பிரேமும் சரியா 5 தடவை வரும். 60ல ஒண்ணு 2 தடவை, அடுத்தது 3. அதான் கேமரா மெதுவா திரும்பும்போது லேசா உதறும். கேம் இல்லேன்னா அந்தக் காசை நல்ல பேனல்ல, அதாவது திரையில போடுங்க. அட்டைப்பெட்டியில 'மோஷன் ரேட்'னு பெரிய நம்பர் போட்டிருந்தா மயங்காதீங்க, உள்ளே பேனல் 60ஆவே இருக்கலாம்.

இருட்டறை:
பேனல்ல விஏ, ஐபிஎஸ்னு ரெண்டு வகை இருக்கு. நேரா உக்காந்து பார்க்க விஏ பேனல். கறுப்பு கறுப்பாவே தெரியும். பக்கவாட்டுல பார்க்க ஐபிஎஸ். டிவியே நடுவுல பிரேம் சேர்த்து அசைவை வழவழன்னு ஆக்குற 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைச்சிடுங்க, இல்லேன்னா படம் சீரியல் மாதிரி ஆயிடும்.

வைகைக்கரை:
அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு சாய்வாத்தான் பார்ப்பாங்க.

பழைய மெக்கானிக்:
அப்ப ஐபிஎஸ். ரிமோட் யார் கையிலன்னு எங்களுக்குத் தெரியாதா!