புதுப்பிப்பு: ஹோண்டா சிபி750 பைக்கில் பெட்ரோல் ஒழுகல், நீடில் வால்வு குற்றவாளி இல்லை

நான்கு கார்புரேட்டரில் மூன்றாவது மட்டும் ஓவர்ஃப்ளோ குழாயில் (மிஞ்சும் பெட்ரோலை வெளியேற்றும் குழாய்) சொட்டுகிறது, பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வைப் புதிதாகப் போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது நின்றுவிட்டது. பவுலுக்குள் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழாயில் நெடுக்காக முடியளவு விரிசல். ஃப்ளோட் (மிதவை) மட்டம் சரியாக இருந்தாலும் பெட்ரோல் அது வழியே இறங்கிவிடும். பழைய கெய்ஹின் கார்புரேட்டர் பவுல்களில் இது சகஜம்.

கழற்றிய பவுலில், குழாய் வாய்க்கு 3 மி.மீ. கீழே வரை பெட்ரோல் ஊற்றி 10 நிமிடம் வையுங்கள். அடியில் சொட்டினால் விரிசல்தான்.

பவுலை நன்றாகக் காயவிட்டு, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பூச்சு) தடவி ஈயம் பற்றவைக்கலாம். சூட்டைப் பித்தளையோடு நிறுத்துங்கள். அதிகமானால் குழாயே தளர்ந்துவிடும். சாதாரணப் பசை வேண்டாம், பெட்ரோலில் இளகும். மாட்டும் முன் அதே சோதனை இன்னொரு முறை.