'ட்ரக் சிஸ்டம்': பற்றுக்கூலி முறை எனலாமா?

ஐயா, குழும நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கூலியைப் பணமாகத் தராமல் சரக்காகவோ, முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் காசாகவோ தருவதுதான் 'ட்ரக் சிஸ்டம்' (truck system). அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'பொருட்கூலி முறை' என்ற சொல்லை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த 'ட்ரக்'குக்கும் லாரிக்கும் தொடர்பில்லை, பண்டமாற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்வழி வந்தது என்று நீங்கள் தெளிவாக்கியது நல்லதாயிற்று. ஆனால் பொருட்கூலி என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல்தான் நினைவுக்கு வரும். அது உழைத்தவர் வீட்டில் சோறாகும். நாம் பெயர் தேடுகிற முறையில், கொடுத்த கூலி கொடுத்தவர் கடைக்கே, அவர் வைத்த விலைக்கே திரும்பிவிடுகிறது. கொடுமை அங்கேதான் இருக்கிறது.

'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டைக் கேளுங்கள். அமெரிக்கப் பாடகர் மெர்ல் டிராவிஸ் 1946-இல் பதிவு செய்தது. 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியபோது அமெரிக்கா முழுக்கப் பரவியது. டிராவிஸின் அப்பா கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எனக்குச் சாகக்கூட வசதியில்லை, உயிரே கம்பெனிக் கடையில் கடனாகக் கிடக்கிறது என்று அவர் சொல்வாராம். பாட்டின் உயிர்நாடியும் அதுதான்.

கேட்டதும் குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் கண்ணில் வந்தது. அம்மா பீடி சுற்றுவார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் கொடுத்த கான்ட்ராக்டருக்கே மளிகைக் கடையும் இருந்தது. சனிக்கிழமை கணக்கு முடிக்கிற நாள். கட்டைப் பிரித்து நாலு பீடியை விரலால் நசுக்கிப் பார்த்து, ஒரு பங்கைக் கழித்துப் போடுவார். அப்புறம் நீள நோட்டு திறக்கும். அரிசி, எண்ணெய், சோப்பு என்று அவர் விரல் கீழே இறங்கிக்கொண்டே வரும். "பற்றுல போயிடுச்சும்மா" என்பார். அடுத்த வாரத்து இலையை மட்டும் வாங்கிக்கொண்டு அம்மா திரும்புவார். கடையில் கடனாக வாங்கியதைக் குறிக்கும் 'பற்று' என்ற சொல்லை நான் கற்றது அந்தக் கடை வாசலில்.

அதனால்தான் 'பற்றுக்கூலி முறை' என்கிறேன். நாட்டுப்பற்று, மொழிப்பற்று எல்லாம் குறுக்கே வரும் என்று ஒரு தோழர் தயங்கினார். பக்கத்தில் 'கூலி' நின்றாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 'கூலியைச் சரக்காகக் கொடுக்காமல் பணமாகவே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நியாயமானது என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதினார், பிரிட்டன் 1831-இல் பல தொழில்களில் பற்றுக்கூலியைத் தடைசெய்தது.' தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. சுரங்கத் தொழிலாளியின் பாட்டும் பொருளியல் நூலும் ஒரே இடத்தைத் தொடுகிறபோது, இரண்டையும் படிக்கிறவருக்கு ஒரே சொல் கிடைக்க வேண்டும். நம் நாட்டின் 1936-ஆம் ஆண்டு கூலி வழங்கல் சட்டமும் காசாகவோ நோட்டாகவோதான் கூலி தரவேண்டும் என்றது. அதை விளக்கும்போதும் இதே சொல் உதவும்.

'கொத்தடிமை' வேண்டாம். அது முன்பணத்தில் ஆளையே பிடித்து வைப்பது; 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தோடு அதன் பொருள் உறுதிப்பட்டுவிட்டது. முதலாளி நடத்தும் அந்தக் கடைக்கு 'நிறுவன அங்காடி'யும் சரிவராது, அங்காடி என்றால் கூட்டுறவுக் கடை நினைவுதான் வரும். 'கம்பெனிக் கடை' என்றே இருக்கட்டும்.

கூலியாகக் கொடுத்த, அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் காசுக்குக் 'கடைவில்லை' என்று யோசித்தேன். உலோகத்தில் இருந்ததற்குப் பொருந்துகிறது, காகிதத்திலும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்களே. 'கடைச்சீட்டு' என்றால் ரேஷன் சீட்டு மாதிரி இருக்கிறது. ஐயா, இதற்கு நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.