நான் அனுப்பாத பில்

குமுளி கணக்கு:

போன சீசனில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறேன். புத்தடி ஏலம் முடிந்ததும் லாட் வாரியாகப் பில் போட்டு போடி, கம்பம் வியாபாரிகளுக்கு மெயிலில் அனுப்புவது என் வேலை. ஒரு நாள் காலை, கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கூட வைக்கவில்லை, போடியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "நீங்க அனுப்பின பில்லைத் திறந்தேன், ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா எல்லா ஃபைலும் பேர் மாறிக் கிடக்கு. டாலி கணக்கும் போச்சு."

அன்று நான் பில்லே அனுப்பவில்லை. சொன்னேன். "உங்க கடை பேர்தான் போட்டிருக்கு, போன வாரம் நீங்க எழுதின லாட் விவரம் கீழேயே இருக்கு" என்றார். மெயிலோடு ஒரு ஜிப் ஃபைல். அதற்கு ஒரு பாஸ்வேர்டு, அதுவும் மெயிலிலேயே எழுதியிருந்ததாம். பாஸ்வேர்டு இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கையே வந்திருக்கிறது. பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், பத்திரமான ஃபைல் என்று நினைத்துவிட்டார். உள்ளே பார்த்தால் பிடிஎஃப் என்ற பெயரில் ஒரு இஎக்ஸ்இ, அதாவது அமுக்கினால் ஓட ஆரம்பிக்கிற புரோகிராம்.

கணக்கு போனது அவருக்குப் பெரிய நஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு. 11 வருஷமாக என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்று போனை வைக்கும் முன் சொன்னார்: "இனிமே பில்லைப் பேப்பரா குடுத்து விடுங்க சார்."

சார்.

நகரி தறி:

எங்கள் கதை சின்னது. 6 பவர்லூம் வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் மெயிலைத் திறந்தால் 300க்கு மேல் மெயில், எல்லாம் 'டெலிவர் ஆகவில்லை' என்று திரும்பி வந்தவை. நான் கேள்விப்படாத ஊர், படிக்கத் தெரியாத பாஷை. சென்ட் பாக்ஸில் ஒன்றுகூட இல்லை. ஒரே நாளில் 3 தடவை பாஸ்வேர்டு மாற்றினேன், வரத்து நிற்கவில்லை. மச்சான் பையன் வந்து பார்த்து, "மாமா, உங்க கணக்குக்குள்ள யாரும் வரல. உங்க அட்ரஸை அனுப்புநர்னு போட்டு வேற எங்கிருந்தோ அனுப்புறாங்க" என்றான். எனக்குப் புரியவில்லை. அப்புறம் நானே யோசித்தேன். நான் நெய்யாத பீஸில் என் முத்திரையைக் குத்தி ஊரெல்லாம் விற்றிருக்கிறான். ஓட்டை பீஸ் எல்லாம் ரிட்டர்ன் என் வாசலுக்கு வருகிறது. அவ்வளவுதான். 4 நாளில் தானாக நின்றது.

களியக்காவிளை பழைய பிரவுசிங்:

உங்களுக்கெல்லாம் இது புதுசாக இருக்கலாம். 2002ல் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோதே இந்தக் கூத்தைப் பார்த்தாயிற்று. கிளெஸ் என்று ஒரு வைரஸ். ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் அங்கே கிடக்கிற மெயில் முகவரிகளையெல்லாம் பொறுக்கி, ஒன்றை 'அனுப்புநர்' இடத்திலும் இன்னொன்றைப் 'பெறுநர்' இடத்திலும் போட்டுத் தானே மெயில் அனுப்பும். நோய் வந்தது ஒருவனுக்கு, பழி இன்னொருவனுக்கு. போதாததற்கு அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிற ஏதாவது ஒரு ஃபைலையும் சேர்த்து அனுப்பிவிடும். அப்போதைய அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஓட்டை அடைக்காமல் இருந்தால் அட்டாச்மெண்டை அமுக்கக்கூட வேண்டாம், மெயில் முன்னால் வந்து நின்றாலே போதும்.

எங்கள் பக்கத்தில் அது கிளப்பிய ஒரு விஷயம். பெண் வீட்டில் டைப் அடித்து வைத்திருந்த நகைக் கணக்கு, எத்தனை பவன் வாங்கியாயிற்று, எத்தனை பவன் கடன் சொல்லியிருக்கிறது என்ற பட்டியல், மாப்பிள்ளைக்கு கல்ஃபில் போய்ச் சேர்ந்தது. அனுப்புநர் பெயர் பாறசாலைக்காரர் ஒரு வாத்தியார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள், கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். என் கடையில் வந்து அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்தது மாப்பிள்ளையின் அண்ணன். அந்தத் தாளை வாத்தியார் கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் மேலே இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார், மை ஒட்டுகிறதா என்று பார்ப்பது போல. "என் பேருதான். நான் இல்ல" என்றார். யார் நம்புவார்கள்?

கல்யாணம் நடந்தது. வாத்தியாருக்குப் பத்திரிகை வரவில்லை. எந்த கம்ப்யூட்டரிலிருந்து அது கிளம்பியது என்று கடைசி வரை தெரியாது. என் கடை மெஷினாகவும் இருக்கலாம். பெண் வீட்டார் அந்தப் பட்டியலை டைப் அடித்தது எங்கள் கடையில்தான். இதை 20 வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை.

பொட்டு:

எனக்கு வந்தது என் அட்ரஸிலிருந்தே! அனுப்பியவரும் நான், வாங்கியவரும் நான். அப்போது சித்தூரில் டிகிரி இரண்டாம் வருஷம் (ஆந்திரா சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்). "உன் கம்ப்யூட்டர் என் கையில், கேமராவில் உன்னைப் பதிவு செய்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பு, நம்பவில்லையென்றால் பார், உன் கணக்கிலிருந்தே உனக்கு எழுதுகிறேன்" என்று. முதல் வரியில் என்னுடைய பாஸ்வேர்டு, நான் ஸ்கூலில் வைத்திருந்த பழையது. கை நடுங்கிவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப் கேமரா மேல் ஒட்டினேன்.

அப்புறம் தெரிந்தது, எப்போதோ ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து திருடுபோன பட்டியலில் என் அட்ரஸும் அந்தப் பாஸ்வேர்டும் இருந்திருக்கின்றன. அதை வைத்து ஒரே கடிதத்தை ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புகிறார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. என் கணக்குக்குள் யாரும் வரவுமில்லை. இதெல்லாம் தெரிந்தும் பொட்டை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

வாளையார் லாரி ஆபீஸ்:

எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே குட்டையில் போட்டுக் குழப்புகிறீர்கள். எனக்கும் ஒருமுறை இ-வே பில் கேன்சல் ஆகிவிட்டது என்று மெயில் வந்தது, அமுக்கவில்லை, அழித்தேன், முடிந்தது என் கதை.

குமுளிக்காரரே, உங்கள் விஷயமும் நகரிக்காரர் விஷயமும் ஒன்றில்லை. நகரிக்காரருக்கு நடந்தது வெறும் பெயர்த் திருட்டு. அது யாராலும் முடியும். மெயில் அனுப்பும் முறையை 1982ல் எழுதி வைத்தபோது அனுப்புகிறவன் உண்மையைத்தான் சொல்வான் என்று நம்பி எழுதினார்கள். சர்வர்கள் தங்களுக்குள் கை மாற்றும்போது சொல்லும் அனுப்புநர் வேறு, நம் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஆனால் உங்கள் மெயிலில் போன வார லாட் விவரம் எப்படி வந்தது? நீங்கள் நிஜமாக எழுதிய மெயில் அதன் அடியில் இருக்கிறது என்றால் யாரோ ஒரு மெயில் பெட்டியைத் திறந்து படித்திருக்கிறான். அவருடையதாக இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். எமோடெட் என்ற வைரஸ் இப்படித்தான் செய்தது. திருடிய பழைய உரையாடலுக்குள் பதில் போலவே நுழையும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தார்கள், அதே வருஷம் நவம்பரில் மறுபடி வந்தது. "நான் அனுப்பவில்லை" என்று சொன்னதோடு நீங்கள் நின்றுவிட்டதுதான் தப்பு.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று 3 வரி இருக்கும். முதலாவது, இந்த டொமைன் (அட்ரஸில் @ குறிக்குப் பின்னால் வருவது) பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று டொமைன்காரர் போட்டு வைத்த பட்டியல். இரண்டாவது, அனுப்பும் சர்வர் குத்தும் முத்திரை, வழியில் யாராவது கை வைத்தால் பொருந்தாது. மூன்றாவது, இவை பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு. பல கடைக்காரர்கள் இந்த உத்தரவில் 'ஒன்றும் செய்யாதே' என்று போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குப் போடாமலே இருக்கலாம். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்தே தீர வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியில்தான் கட்டாயமாக்கியது. அதே பக்கத்தில் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலே படியுங்கள், மெயில் வந்த வழி தெரியும். கீழே இருப்பவற்றைத் திருடனே எழுதிச் சேர்த்திருக்கலாம், உங்கள் சர்வர் எழுதிய மேல் வரியைத்தான் நம்பலாம். மூன்றும் பாஸ் என்றால் நல்ல மெயில் என்றும் ஆகிவிடாது, திருடன் தன் சொந்த டொமைனுக்கே மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பான்.

அப்புறம் விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் தெரிகிற மாதிரி வையுங்கள். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பதில் கடைசியை மறைத்துப் பிடிஎஃப் வரைதான் அது காட்டும். 2000 மே மாதம் வந்த ஐ லவ் யூ வைரஸும் இந்த மறைப்பை வைத்துத்தான் ஊரை ஏமாற்றியது, வெறும் எழுத்து ஃபைல் போல டிஎக்ஸ்டி என்று தெரியும், பின்னால் ஒளிந்திருப்பது விபிஎஸ், அதுவும் ஒரு புரோகிராம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது ஸ்கேன் செய்கிற சாஃப்ட்வேர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. போடிப் பெரியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

நகரி தறி:

ஐயா, உங்கள் கதை இரண்டு வரி, உபதேசம் இரண்டு பக்கம். ஆனால் ஷோ ஒரிஜினல் பார்த்தேன், நன்றி.

மாம்பழக் கூழ்:

நான் அந்த ஆந்திரா சித்தூர். வைரஸ் இல்லை, பணம். ஜூன் மாதம், கிளிமூக்கு சீசன், ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும். அந்த நெருக்கடியில் டிரம் சப்ளையரிடமிருந்து மெயில்: ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் போட வேண்டாம், இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள். அதே லோகோ, அதே கையெழுத்து, வழக்கமாக எழுதுகிற அதே "காரு" மரியாதை. 3,80,000 ரூபாய் போட்டேன். மறுநாள் சப்ளையரே கூப்பிட்டு, "பேமெண்ட் எப்ப அன்னா?" என்கிறார்.

பேங்கில் இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பொண்ணு ஒரு ஸ்கேலை எடுத்து அட்ரஸுக்கு அடியில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தான். ஸ்கேல் வைத்த பிறகும் எனக்கு 'எம்' போலத்தான் தெரிந்தது. அவள்தான் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அங்கேயே போன் போட வைத்தாள். வழியில் 62,000 மட்டும் நிறுத்தி வைத்தார்கள். மீதி போனது போனதுதான்.

இதில் நம்மைக் குறை சொல்லி என்ன? 2017ல் எங்கள் மாவட்டப் போலீஸ் கம்ப்யூட்டருக்கே மெயிலில் வைரஸ் வந்து பூட்டிக்கொண்டது.

பந்தலூர் தேயிலை:

அது மெயிலில் வந்ததில்லை. நீங்கள் சொல்வது வான்னாக்ரை, 2017 மே 12ல் கிளம்பியது. எங்களுக்குப் பக்கத்து வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸிலும் அதேதான், 300 டாலர் பிட்காயின் கேட்டு நின்றது. விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாக ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவிய புழு அது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச்சிலேயே விட்டுவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மாம்பழக் கூழ்:

எந்த வழியில் வந்தால் என்ன சாமி, பூட்டினது பூட்டினதுதானே.

பந்தலூர் தேயிலை:

வழி தெரியாவிட்டால் எந்தக் கதவை அடைப்பீர்கள்?

பொட்டு:

பிரவுசிங் அண்ணா, அந்த வாத்தியார் இப்போது இருக்கிறாரா? அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

களியக்காவிளை பழைய பிரவுசிங்:

இருக்கிறார் மக்களே. கண் சரியாகத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்து "கடை எப்பிடிப் போகுது?" என்பார். கடையை மூடி 12 வருஷம் ஆகிறது.

குமுளி கணக்கு:

வாளையார் அண்ணன் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பம் வழியாக பஸ் பிடித்துப் போடிக்குப் போனேன். பெரியவரின் கம்ப்யூட்டரைத் துடைத்து எல்லாவற்றையும் புதுசாகப் போட்டுவிட்டார்கள், ஆனால் போனில் அந்த மெயில் அப்படியே இருந்தது. எங்கள் கடைப் பெயரை அமுக்கினேன். உள்ளே யாரென்றே தெரியாத ஓர் அட்ரஸ், ஏதோ வெளிநாட்டு டொமைன். போன் திரை வெறும் பெயரை மட்டும்தான் காட்டியிருக்கிறது. அடியில் இருந்தது நான் எழுதிய நிஜ மெயில், என் எழுத்துப்பிழையோடு. ஏலக்காய்க்கு 'ல' போடாமல் 'ள' போட்டிருந்தேன், அன்றைக்கே கடையில் கேலி செய்தவர்கள் உண்டு.

திரும்பி வந்து கடையில் தோண்டினோம். எங்கள் மெஷின்தான். சீசனுக்கு முந்தின மாதம், கூரியர் ரசீது என்று வந்த ஒன்றை இங்கே யாரோ திறந்திருக்கிறார்கள். யார் என்று முதலாளி கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மெயில் பாஸ்வேர்டு மாற்றி, மெஷினைத் துடைத்து, அடுத்த ஞாயிறு மறுபடி போடி. பெரியவரிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன்: உங்கள் வீட்டிலிருந்து இல்லை, எங்கள் கடையிலிருந்துதான் போயிருக்கிறது.

முழுக்கக் கேட்டார். உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார், ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அதுக்கென்ன பண்றது, குடிங்க சார்" என்றார்.