மறு: மறு: ‘ரெகுலேட்டரி டி செல்’லுக்குத் தமிழில் என்ன? அடக்கியா, ஒழுங்குமுறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் சரவாங்கி (முடக்கு வாதம்) வந்தவர்களுக்குக் கொடுக்கப் போகிற கையேடு அச்சுக்குப் போகவேண்டும், இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். ‘ரெகுலேட்டரி டி செல்’ என்பது நம் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்காமல் பார்த்துக்கொள்கிற ஒருவகை இரத்த வெள்ளை அணு. அதற்கு ‘அடக்கி அணு’, ‘ஒழுங்குமுறை டி அணு’ என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ‘அடக்கி அணு’ வேண்டவே வேண்டாம்.

முதல் காரணம், அந்தச் சொல் ஏற்கனவே வேறு வேலையில் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துகளை ‘எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வாரம் ஒருமுறை அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் அதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்தும் போயிருக்கிறார்கள். உடம்பிலேயே இருக்கிற, நமக்கு நல்லது செய்கிற அணுவுக்கும் அதே பெயரை வைத்தால் படிக்கிறவர் எதை நம்புவார்?

இரண்டாவது, வரலாறு. 1970களில் ‘சப்ரஸர் டி செல்’ என்று ஒரு கருத்து ஓடியது, 80களில் ஆதாரம் நிற்காமல் ஆட்டம் கண்டு, கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லவே ஆய்வாளர்கள் கூச்சப்பட்டார்கள். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி, அணுவின் மேற்பரப்பில் இருக்கிற சிடி25 என்ற அடையாளப் புரதத்தை வைத்து இந்த அணுக்களைப் பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு, இந்த அணுக்களை உருவாக்கி இயக்குவதே அந்த மரபணுதான் என்று தெரிந்து இரண்டும் ஒன்றாக இணைந்தன. 2025 மருத்துவ நோபல் மூவருக்கும் இதற்குத்தான். ஆய்வாளர்களே கைவிட்ட பெயரை நாம் ஏன் தமிழில் தூக்கிச் சுமக்க வேண்டும்?

‘ஒழுங்குமுறை டி அணு’ தவறில்லை, ஆனால் அரசாணை வாசம் அடிக்கிறது. மரபணு ஒழுங்குமுறை என்று வேறொன்றும் இருப்பதால் ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

என் பரிந்துரை மட்டுறுத்து அணு. இது இணையக்காரர்கள் சொல் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டுமே, ‘காய்ச்சல் மட்டுப்பட்டிருக்கு’ என்று கொருக்குப்பேட்டையில் பாட்டிகூடச் சொல்கிறார், வேர் அங்கேதான் இருக்கிறது. அதோடு நம் குழு மட்டுறுத்துநர் (மாடரேட்டர்) என்ன செய்கிறார்? குழுவை மூடுவதில்லை, சண்டை மடலை மட்டும் நிறுத்தி வைக்கிறார். இந்த அணுவும் அப்படித்தான், எதிர்ப்பு மொத்தத்தையும் அணைக்காமல் சொந்த உடம்பின்மேல் பாய்கிறவற்றைத் தடுத்து நிறுத்துகிறது.

சொல் சரியா என்று பார்க்க, நோயைப் பற்றிய வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். முடக்கு வாதம் வந்த மூட்டு நீரில் மட்டுறுத்து அணுக்கள் குறைவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைப்போம். பல ஆய்வுகளில் இரத்தத்தில் இருப்பதைவிட அங்கே அவற்றின் விகிதம் அதிகமாகவே இருந்தது. ஆள் இருந்தும் வேலை நடக்கவில்லை. அழற்சியால் அங்கே டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற, அழற்சியைத் தூண்டுகிற புரதங்கள் நிறைந்து கிடக்கின்றன. அவை மட்டுறுத்து அணுவின் கையைக் கட்டுகின்றன, தாக்குகிற அணுக்களும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எலிகளில் 2014இல் இன்னும் மோசமான ஒன்றைக் கண்டார்கள்: மூட்டுச் சவ்வில் உள்ள நார் அணுக்கள் சுரக்கிற ஐஎல்-6இன் தூண்டலில் சில மட்டுறுத்து அணுக்கள் ஃபாக்ஸ்பி3ஐ இழந்து, ஐஎல்-17 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைச் சுரக்கிற தாக்கும் அணுக்களாகவே மாறிவிட்டன. ஐஎல்-17 தூண்டினால் சவ்வில் ரேங்க்-லிகண்ட் என்ற புரதம் கூடும், அது எலும்பை அரிக்கிற அணுக்களை உருவாக்கும், விரல் மூட்டின் ஓரம் கரைய ஆரம்பிக்கும். இதை ‘தடம் மாறிய மட்டுறுத்து அணு’ என்று எழுதலாம். ‘அடக்கி’யை வைத்துக்கொண்டால் ‘அடங்காத அடக்கி’ என்று எழுதவேண்டி வரும், சிரிப்பார்கள்.

மருந்துப் பக்கமும் ஒத்துவருகிறது. மட்டுறுத்து அணு தன் சிடிஎல்ஏ-4 புரதத்தால்தான் மற்ற டி அணுக்களுக்குக் கிடைக்கிற தூண்டலைப் பிடுங்கிவிடுகிறது. சரவாங்கிக்குப் போடுகிற அபடாசெப்ட் ஊசி மருந்து அதே புரதத்தின் ஒரு பகுதியை வைத்துச் செய்தது. ஆகவே அதை ‘மட்டுறுத்தும் மருந்து’ என்றால் கையேட்டில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் இந்த அணு ஒன்றே நோய்க்குக் காரணம் என்கிற தொனி மட்டும் வரக்கூடாது, பி அணு என்ற வேறுவகை வெள்ளை அணுவும் எதிர்ப்பொருள்களும் புகைபிடித்தலும் மரபும் எல்லாம் அதில் சேர்த்தி.

‘மட்டணு’ என்று சுருக்கலாமே என்று கேட்டவருக்கு: புளியந்தோப்பில் போய்ச் சொல்லிப் பாருங்கள், மட்டன் என்றுதான் காதில் விழும்.

அப்புறம், மேலே சொன்ன, எலும்பை அரிக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் அணுவுக்கு ‘எலும்புத் தின்னி’ என்று வந்திருக்கிறது. நோயாளி கையில் போகிற தாளில் அது பயமுறுத்தும், ‘எலும்பரி அணு’ போதும் என்பேன். எலும்பு கட்டுகிற அணுவுக்கு இணையாக என்ன வைக்கலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எழுதினால் திங்கட்கிழமை தட்டச்சுக்குக் கொடுத்துவிடலாம்.