ஓவராயில் என்றால் எண்ணெய் ஊற்றுவதா? ஒரு சொல் வேண்டும், அவசரம்

மண்டபம் ஆசிரியை, வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலை என் பாடக்குறிப்பு நகலெடுக்கப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

டீசல் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்தேன்: வீட்டிலேயே கட்டும் இருவர் விமானத்துக்கு எந்த எஞ்சின் வாங்குவாய்? உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் மேலே போனால் பாதி வகுப்பு ஜன்னலுக்குப் போய்விடும். அந்த ஆசையைக் கொஞ்சம் கணக்குப் பக்கம் திருப்பலாமே என்றுதான். ரோட்டாக்ஸ் 582: இரண்டு ஸ்ட்ரோக், 65 குதிரைத்திறன், எடையும் விலையும் குறைவு, 300 மணி நேரத்தில் ஓவராயில். ரோட்டாக்ஸ் 912: நான்கு ஸ்ட்ரோக், 80 குதிரைத்திறன், விலையைக் கேட்டால் தலை சுற்றும், 2000 மணி நேரத்தில் ஓவராயில்.

ஒரு பையன் எழுந்தான். "300 மணிக்கு ஒருதடவை ஆயிலை நிறைய ஊத்தினா போதுமே டீச்சர், சின்னதுதானே லாபம்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி சேர்க்கும் ஓவர்ஹாலை ஓவராயில் ஆக்கியது நம் பட்டறைகள். பழுதுபார்ப்பு என்று மாற்றினேன், "பழுதே ஆகலையே, எதைப் பார்க்கிறது?" என்றான் அடுத்தவன். ஆயுள் என்று எழுதினால் 300 மணியில் எஞ்சினைக் கடைசிக் காரியம் பண்ணிவிடுவார்கள். சொல் கொடுங்கள்.

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளி

அம்மா, எஞ்சினை எஞ்சின் என்றே விட்டுவிட்டு ஓவராயிலுக்குத் தமிழ் தேடுகிறீர்கள். இடுப்பில் வேட்டி இல்லாதவன் தலைப்பாகைக்குப் பட்டு தேடிய கதை இது. எந்திரம் என்று எழுதுங்கள். புறநானூறு 322-இல் கரும்பின் எந்திரம் ஒலிக்கிறது. ஐங்குறுநூறு 55-இல் அதே ஆலை யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. இதை வடசொல் என்போர் உண்டு. இருக்கட்டும், சங்கப் புலவரே எடுத்தாண்ட சொல். விமானமும் வேண்டாம், வலவன் ஏவா வானவூர்தி என்று புறம் 27 சொல்லிவிட்டது. வலவன் என்பதே

மட்டுறுத்துநர்

ஐயா, மன்னிக்கவும், இடையில் வெட்டிவிட்டேன். எந்திரம் என்ற சொல்லுக்கு இக்குழுமத்தில் ஏற்கெனவே இரண்டு விவாத இழைகள் ஓடுகின்றன. டீச்சருக்குத் திங்கட்கிழமை கெடு.

பாம்பன், படகு எஞ்சின் மெக்கானிக், வெள்ளி மாலை

டீச்சர், இதுக்கு ஏன் புறநானூறு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போதுதான் படகு கரை ஏறும், எஞ்சின் இறங்கும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கழற்றி, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி மறுபடி ஏற்றுவோம். எஞ்சின் இறக்குறது என்றால் பாம்பனில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இறக்கம் என்று போட்டு முடியுங்கள்.

கீழக்கரை, இப்போது வளைகுடாவில் விமானப் பராமரிப்பு, வெள்ளி நள்ளிரவு

அண்ணே, படகுக்குச் சரி. விமானத்தில் இறக்கம் என்றால் தரையிறங்குவது. '300 மணிக்கு ஒருமுறை இறக்கம்' என்று டீச்சர் எழுதினால் அந்தப் பையன் பன்னிரண்டரை நாள் கீழே வரவே மாட்டான்.

சொல்லைத் தேடும் முன் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். குறிப்பில் மணி மட்டும் இருக்கிறது. கையேட்டில் ஆண்டுக் கணக்கும் உண்டு: 582-க்கு 300 மணி அல்லது 5 ஆண்டு, 912-க்கு 2000 மணி அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஞாயிறு ஞாயிறாகப் பறப்பவர் வருடம் 50 மணி பறந்தால் பெரிது. 15 வருடத்தில் 750 மணிதான் ஆகும். 2000-ஐக் கண்ணாலும் பார்க்க மாட்டார், ஆனால் அதற்கான விலையைக் கொடுத்திருப்பார். 582-இலும் 300 மணியாக 6 வருடம் வேண்டும், அதற்குள் 5 வருடக் கணக்கு வந்து நிற்கும். எந்த எஞ்சின் என்ற கேள்வியில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஆண்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓடாத எஞ்சின்தான் சீக்கிரம் கெடும். உள்ளே எண்ணெய்ப் படலம் வழிந்துவிடும், ஈரம் ஏறும், துரு பிடிக்கும். நம்ம ஊர் உப்புக்காற்றைச் சொல்லவே வேண்டாம். சைக்கிள் செயின் படும் பாட்டைக் காட்டினால் போதும். 912-இன் ரப்பர்க் குழாய்களை ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. ஜாபிரு 2200 மாதிரி எஞ்சினில் 1000 மணியில் மேல்பகுதி மட்டும், 2000-இல் முழுதும். ஆக நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

மன்னாரிலிருந்து ஒரு நண்பர், சனி

எங்கட பக்கம் இதைக் கழற்றிப் பூட்டுறது எண்டுதான் சொல்லுறது. மேல் கழற்றிப் பூட்டல், முழுக் கழற்றிப் பூட்டல். சோலி முடிஞ்சுது.

தேவிபட்டினம்

அருமை! ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோள் எட்டில் விற்பூட்டும் ஒன்று. பாட்டின் தலையும் காலும் சேர்ந்தால்தான் பொருள் முடியும். எந்திரமும் அப்படித்தானே! ஆயினும் இக்கரைப் பிள்ளைகளுக்குப் பூட்டு என்றால் கதவுப்பூட்டுதான் நினைவுக்கு வரும் என்பது வருத்தம்.

அடியேன் முன்மொழிவது: புதுக்கு. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்தைக் கல்வெட்டு புதுக்குப்புறம் என்கிறது. பழுது வந்தபின் அலறுவது வேறு, காலம் பார்த்துப் புதுக்குவது வேறு. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்கிறோமே, கோபுரம் இடிந்தா செய்கிறோம்? முழுப்புதுக்கு, மேற்புதுக்கு, இடைப்பட்ட காலம் புதுக்குக்காலம்.

பாம்பன்

கும்பாபிஷேகமா? அப்படியானால் முதலில் எண்ணெய்க்காப்பு சாத்தணும். கடைசியில் அந்தப் பையன் சொன்னதுதான் சரி.

கீழக்கரை

சிரித்துவிட்டேன். ஆனாலும் புதுக்கு எனக்கு ஒப்பவில்லை. புதுக்கினால் புதிது ஆகிவிட்டது என்று அர்த்தம் வரும். 900 மணி ஓடியதை ஓவராயில் செய்தாலும் அது 900 மணி ஓடிய எஞ்சின்தான். பதிவேட்டில் பழைய கணக்கு அப்படியே தொடரும். பழைய எஞ்சினை விற்கிறவன் இந்தச் சொல்லை வைத்தே ஏமாற்றுவான். கழற்றிப் பூட்டல் செய்கிற வேலையைச் சொல்கிறது, கூடுதலாக எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. என் ஓட்டு மன்னாருக்கு.

மண்டபம் ஆசிரியை, ஞாயிறு இரவு

ஓட்டு மட்டும் போட்டவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். புதுக்குக்கு நான்கு பேர், கழற்றிப் பூட்டலுக்கு மூன்று பேர், இறக்கத்துக்கு அண்ணன் ஒருவர் மட்டும். கீழக்கரை பாய் சொன்ன நியாயம் உறுத்துகிறது. இருந்தாலும் அட்டவணைக் கட்டத்தில் முழுக் கழற்றிப் பூட்டல் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினால் கடைசி பெஞ்சு படிக்காது. முழுப்புதுக்கு, மேற்புதுக்கு என்றே போகிறேன். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'பட்டறையில் ஓவராயில் என்பார்கள், எண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை; புதுக்கிய எஞ்சின் புது எஞ்சின் அல்ல.' ஆண்டுக் கணக்கையும் 750 மணியையும் பயிற்சியில் ஏற்றியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

கீழக்கரை, திங்கள்

'புதுக்கிய எஞ்சின் புது எஞ்சின் அல்ல' என்று கீழே எழுதவேண்டி வந்ததே, டீச்சர். அதைத்தான் சொன்னேன்.

தேவிபட்டினம், திங்கள் மாலை

நகல் கிடைத்தது, மகிழ்ச்சி. மூன்றாம் பக்கத்தில் 'புதுக்கு காலம்' என்று இருக்கிறது. வன்றொடர்க் குற்றியலுகரம், க் மிகும். எஞ்சின் இன்னும் எஞ்சினாகவே இருப்பதையும் கண்டேன்.